கெடா தோட்டத்தில் ஆள் சேர்த்த கதை

எங்கள் சபையிலிருந்து வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்கள் திரும்பும்போது இரண்டு பொருள் கொண்டுவர வேண்டும். ஒன்று மைலோ பானப்பொடி டின். மற்றது, அங்கே எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்கிற எண். மைலோ டின்களை எங்கள் பாஸ்டரம்மா மலேசியாவில் இறங்கிய இரண்டாம் நாளே வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டார். எண்ணுக்குத்தான் கெடா மாநிலம் முழுக்க அலைந்துகொண்டிருந்தோம்.

போனது மூன்று பேர். பாஸ்டர் எட்வின், அவர் மனைவி ஜெயா அம்மா, பெண்கள் சங்கச் செயலாளரான நான். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்கும் அறிவியலும் நடத்தி ஓய்வு பெற்றவள். நாசரேத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊரில் மெர்சி டீச்சரைத் தெரியாதவர்கள் இருந்தால், அவர்கள் பரீட்சையில் பிட் அடித்து என்னிடம் மாட்டாதவர்களாக இருக்கும்.

முதல் வாரம் அலோர் ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கில் ஒரு மாடி வீட்டில் தங்கி ஏழு கூட்டம் நடத்தினோம். வந்தவர்கள் எல்லாரும் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். பாஸ்டர் வசனத்தின் முதல் பாதியைச் சொல்லும் முன்பே இரண்டாம் பாதியை முடித்தார்கள். அவர்களில் மனந்திரும்ப யாரும் மிச்சமில்லை. கூட்டம் முடிந்ததும் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் கொடுத்து, "பாஸ்டர், நீங்க சொன்னதுல ஒரு வருஷம் தப்பு லா" என்று, அங்கத்துப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு, திருத்தியும் அனுப்பினார்கள்.

ஆகவே கடைசி ஐந்து நாளை நம்பித்தான் இருந்தோம். பண்டார் பாரு பக்கத்தில் ஒரு பழைய தோட்டம். முன்பு ரப்பர் பால்மரம், பிறகு எண்ணெய்க்கான செம்பனை, இப்போது இரண்டும் இல்லாமல் புல். அங்கே ஒரு சிறிய கிறிஸ்தவ ஆலயம், அதைப் பார்த்துக்கொள்ளும் ரோசம்மா அக்கா, அவர் வீட்டில் எங்களுக்கு இரண்டு அறை. அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஃபேக்டரி கேண்டீனில் சமைக்கிறவர். இருநூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கை என்பதால் எங்கள் மூன்று பேருக்கும் அதே அளவில்தான் வைத்தார்.

சனிக்கிழமை காலை, மறுநாள் ஆராதனைக்குப் பிறகான சாப்பாட்டுக்கு மீன் வாங்க வேண்டும் என்று ரோசம்மா அக்கா எங்களைக் கோத்தா கோலா மூடா மீன் சந்தைக்கு அழைத்துப் போனார். பக்கத்தில் மீனே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அது மீன் இல்லையாம். வேன் ஓட்டியவர் முனியாண்டி அண்ணன். தோட்டத்தில் எல்லா வேலைக்கும் அவர்தான். அவருடைய வேனில் பக்கவாட்டுக் கதவு மூடாது. ஒரு நைலான் கயிற்றால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பு, கதவோரம் உட்காரும் விருந்தாளிக்கு. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கயிற்றைப் பிடித்தபடி மலேசியாவின் இயற்கை அழகை நான் ரசித்தேன். மழை வந்தபோது இன்னும் நெருக்கமாக ரசித்தேன்.

அந்த மீன் சந்தையில் ஏலம் சத்தமில்லாமல் நடக்கிறது. வாங்குகிறவர் ஏலக்காரரின் காதருகே போய் விலையைக் கிசுகிசுக்க வேண்டும். அவர் எல்லார் கிசுகிசுப்பையும் கேட்டு, பிடித்த ஆளுக்கு மீனைக் கொடுப்பார். எங்கள் ஊர் மீன் ஏலத்தில் பக்கத்து ஊருக்கே விலை தெரிந்துவிடும். இங்கே பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பாஸ்டருக்கு ஆசை வந்துவிட்டது. தானும் ஒரு கூடைக்குக் கேட்பேன் என்று முன்னால் போனார். அவர் குரல் மைக் இல்லாமலேயே பின்வரிசைக்குக் கேட்பதற்குப் பேர்போனது. ஏலக்காரர் காதில் அவர் ரகசியமாகச் சொன்ன விலையைக் கேட்டுப் படகில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

"இவருகிட்ட ரகசியம் நிக்காது லா" என்றார் ரோசம்மா அக்கா, என் காதில். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மீன் வாங்குவதற்கு இவ்வளவு கவலையா என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆலயத்துக்குள் நுழைந்தபோது பாஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். தகரக் கூரை, பச்சைச் சுவர், எட்டு பெஞ்சு உள்ள இடம். பெஞ்சு முழுக்க ஆள். பெஞ்சு போதாமல் தரையில் பாய். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு அதே இடத்தில் பதினான்கு பேர்தான் வந்திருந்தார்கள்.

"டீச்சர், பாத்தியளா? ரெண்டு நாள் ஜெபம்! ஐம்பதுக்கு மேல வந்திருக்காவ!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையும் கோப்புமாக ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்ப்பார், பிறகு ஏதோ எழுதுவார். பிரசங்கத்தைக் குறிப்பெடுக்கிறார் என்று பாஸ்டர் முடிவு செய்து, அவர் எழுத வசதியாக ஒவ்வொரு கருத்தையும் இரண்டு தடவை சொன்னார். அன்றைய தலைப்பு விக்கிரக ஆராதனை. ஒன்றரை மணி நேரத்துக்குத் திட்டமிட்டது மூன்று மணி நேரம் ஓடியதற்கு அந்தக் கோப்புக்காரரே காரணம்.

இவ்வளவு பொறுமையான கூட்டத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. யாரும் எழுந்து வெளியே போகவில்லை. யாரும் ஃபோன் பார்க்கவில்லை. இதுவே எனக்கு முதல் சந்தேகம். பிறவிக் கிறிஸ்தவர்கள் இப்படி உட்கார மாட்டார்கள். அப்புறம் பார்த்தால், முன்னால் இருந்த ஒரு பெண் நெற்றியை முந்தானையால் துடைத்த இடத்தில் சிவப்பு திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆசீர்வாதம் கூறும்போது ஒரு பெரியவர் உள்ளங்கையைக் குழித்துத் தீர்த்தத்துக்கு நீட்டினார். இன்னொருவர் பீடத்தை வலமாக மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் வெளியே போனார். முப்பத்திரண்டு வருடம் பிட் அடித்தவர்களைப் பிடித்த கண் இது.

பாஸ்டர் ஒன்றையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "தீர்மானம் எடுக்கிறவங்க கை உயர்த்துங்க" என்றார். ஐம்பத்தாறு கையும் உயர்ந்தன. கைக்குழந்தையின் கையை அதன் தாய் தூக்கிப் பிடித்திருந்தாள். பாஸ்டர் கண்ணைத் திறந்து பார்த்து அழுதேவிட்டார். ஜெயா அம்மா ஃபோட்டோ எடுத்தார்.

வெளியே முனியாண்டி அண்ணன் பாஸ்டரின் இரு கையையும் பிடித்துக்கொண்டார். "சாமி, நல்ல பேச்சு லா. விக்கிரகத்துல இவ்ளோ விஷயம் இருக்குன்னு இத்தன வருஷமா எனக்கே தெரியாது."

மீன் குழம்பு அருமையாக இருந்தது. பாஸ்டர் மட்டும் சாப்பிடாமல், ஊருக்கு ஃபோன் போட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை ரோசம்மா அக்கா, "பசியாறுங்க டீச்சர்" என்று தோசையை வைத்தார். அங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று பெயர். நான் பசியாறிவிட்டு நேராகக் கேட்டேன்.

"அக்கா, நேத்து வந்தவங்க யாரு?"

அவர் மறைக்கவே இல்லை. தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னார். "கோயில் ஆளுங்கதான். முனியாண்டி அண்ணன் அனுப்புனாரு. அவருதான் அங்க பூசாரி, முப்பது வருஷமா."

மூன்று மணி நேரம் திட்டு வாங்கியவர் பூசாரியா!

விஷயம் இதுதான். தோட்டத்தைப் புதிதாக ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது. கிடங்கு கட்டப் போகிறார்கள். லயத்து வீடுகளுக்குப் பதிலாக ஆட்களுக்கு ரோட்டோரத்தில் அடுக்கு வீடு கொடுத்தாயிற்று. மிச்சம் நிற்பவை இரண்டே கட்டடம். ஆலயமும், அதிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள மாரியம்மன் கோயிலும். ஐம்பது பேராவது புழங்கும் இடமானால் சுற்றி வேலி போட்டு விட்டுவைப்போம், இல்லாவிட்டால் இடித்து மட்டம்தான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வெள்ளைச் சட்டைக் கோப்புக்காரர் அந்தக் கம்பெனி அதிகாரி. அவர் குறித்துக்கொண்டது பிரசங்கத்தை அல்ல, தலைகளை.

"நாங்க பதினாலு பேரு. அவங்க நாப்பத்திரண்டு. மத்தவங்கெல்லாம் சுங்கை பட்டாணி, பினாங்குன்னு போய்ட்டாங்க. தனித்தனியா பாத்தா யாருக்கும் அம்பது தேறாது. சர்ச்சு கோசோங்கா, காலியா இருந்தா இடிச்சிருவாங்க லா டீச்சர். அதான் அண்ணனும் நானும் பேசிக்கிட்டோம். ஞாயித்துக்கிழம அவங்க இங்க, செவ்வாக்கிழம நாங்க அங்க."

"செவ்வாய்க்கிழமை என்ன?"

"கோயிலுக்கு எண்ண வராரு. நீங்க மூணு பேரும் வந்தா ஒரு பலமா இருக்கும்."

கை உயர்த்தியது யார் சொல்லி என்று கேட்டேன். "அது யாரும் சொல்லல. விருந்தாளி கேட்டா இல்லைன்னா சொல்லுவாங்க?" என்றார்.

பாஸ்டரிடம் சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கணக்கு டீச்சர் அல்லவா, ஐம்பத்தாறில் நாற்பத்திரண்டு போனால் மிச்சம் பதினான்கு, அந்தப் பதினான்கும் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவை என்று படிப்படியாக விளக்கினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்குச் சொன்ன எண் இதற்குள் மூன்று வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு வர முடியாது என்று உறுதியாகச் சொன்னார். ஐந்து வசனம் காட்டினார். ஜெயா அம்மா பெட்டியில் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது வசனத்துக்குப் பாஸ்டர் பைபிளைப் புரட்டும்போது அம்மா சொன்னார்.

"அவிய மூணு மணி நேரம் உக்காந்து உங்க வசவ கேட்டாவல்லா? நீங்க அரை மணி நேரம் மணிச் சத்தம் கேட்டா செவுடாவா போயிருவிய?"

பாஸ்டர் பைபிளை மூடினார். கண்ணை மூடி ஜெபத்திலேயே இருப்பேன், எதையும் வாங்க மாட்டேன், கடைசியில் உட்காருவேன் என்று மூன்று நிபந்தனையோடு சம்மதித்தார். எங்கள் ஊரில் ஆலயத் தெருக்காரர்கள் கோயில் தெரு வழியாகப் பால் வாங்கப் போவதுகூட இல்லை. நாங்கள் பால் வாங்கச் சுற்றிப் போவோம்.

செவ்வாய் சாயங்காலம் கிளம்பும்போது ரோசம்மா அக்கா எங்களை வரிசையாக நிறுத்திப் பாடம் எடுத்தார். "யாரு என்ன கேட்டாலும் சிரிங்க. பேசாதீங்க. ஊர பாக்க வந்தோம்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்லதானே?" பிறகு என்னைத் தனியே இழுத்து, "டீச்சர், நீங்க பாஸ்டர் பக்கத்துலயே உக்காந்துக்குங்க. வாய தொறந்தாருன்னா இடுப்புல ஒரு இடி வைங்க" என்றார். மீன் சந்தைக்குப் பிறகு அவருக்கு அந்தக் கவலை. நியாயமான கவலைதான். நானும் முழங்கையைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

கோயில் சிறியது. ஆனால் ஒழுங்காகப் பெருக்கி, வாழைமரம் கட்டி, பளிச்சென்று இருந்தது. ஒருபுறம் தகரம் போட்ட சாப்பாட்டு மண்டபம். ரோசம்மா அக்காவும் மற்ற பதின்மூன்று பேரும் நடுவில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பதினான்கு பேருக்கும் எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருந்தது. முனியாண்டி அண்ணன் வேட்டியும் வெற்று மார்புமாக, வேன் ஓட்டுகிறவரா இவர் என்று கேட்கும்படி நின்றார். தீபாராதனை காட்டும்போது எங்கள் பக்கம் வரும் முன்பே தட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் சங்கடப்படக் கூடாதாம். பாஸ்டர் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய ஊழிய வாழ்க்கையில் இது ஒரு சாதனை.

பூசை முடிந்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அதிகாரி எங்களிடம் வந்தார். நல்ல பையன் மாதிரி இருந்தார். தமிழர். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, நீங்க டீச்சர்னு சொன்னாங்க. எங்கம்மாவும் தமிழ்ப் பள்ளி டீச்சர்தான். ஞாயித்துக்கிழம சர்ச்சுல உங்கள பாத்தேனே?"

நான் சிரித்திருக்க வேண்டும். ஊரைப் பார்க்க வந்தோம் என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் சபையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மனசில் ஏதாவது நிறைந்தால் எழுந்து நின்று சாட்சி சொல்லாமல் இருக்க முடியாது. ஞாயிறுதோறும் அதற்கென்று நேரம் ஒதுக்கி, ஐந்து வயதிலிருந்தே பழக்குகிறார்கள். அத்துடன், ஒரு டீச்சரின் மகன் மரியாதையாகக் கேட்கிறான். எனக்குக் கண் கலங்கியது.

"தம்பி, எங்க ஊர்ல கோயில் ஆளுங்க ஆலயத்து வாசலைக்கூட மிதிக்க மாட்டாங்க. நாங்களும் அப்படித்தான். இங்க பாத்தீங்களா? ஞாயித்துக்கிழமை இவங்க எல்லாரும் எங்களுக்காக வந்து உக்காந்தாங்க. இன்னைக்கு ஆலயத்து ஆளுங்க எல்லாரும் இவங்களுக்காக வந்து உக்காந்திருக்காங்க. ஒருத்தர் குறையை ஒருத்தர் நிரப்புறாங்க. இதை நான் எங்கேயும் பாத்ததில்லை!"

பக்கத்தில் பாஸ்டர் கண்ணைத் திறந்துவிட்டார். அவர் முழங்கை என் இடுப்பில் இடித்தது. அதற்குள் சாட்சி முடிந்திருந்தது.

அந்தப் பையன் நிஜமாகவே நெகிழ்ந்துபோனார். "ரொம்ப நல்ல விஷயம்மா" என்றார். பிறகு கோப்பைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை எழுதியதையும் இன்று எழுதியதையும் பார்த்தார். மெதுவாகச் சுற்றிலும் முகங்களைப் பார்த்தார். ரோசம்மா அக்கா கையில் பொங்கல் தொன்னையோடு அசையாமல் நின்றார்.

"அப்ப மொத்தமே இவ்ளோ பேருதானா?" என்று முனியாண்டி அண்ணனைக் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. "சரி லா அண்ணே. ஆளு ஒண்ணுதான்னா இடமும் ஒண்ணு போதும். ஒண்ணுக்கு வேலி போட்டுத் தரோம். எதுன்னு நீங்களே பேசி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

பொங்கலை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, காரில் ஏறிப் போய்விட்டார்.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் தனியாக ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தார்கள். அதைத் தின்று முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

புதன்கிழமை காலை அதே வேனில் பினாங்கு விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். முனியாண்டி அண்ணன் ஓட்ட, ரோசம்மா அக்கா முன்சீட்டில். கயிறு என் கையில். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், ஏதாவது ஒரு உபகாரம் செய்த மாதிரி இருக்கட்டும் என்று. முன்சீட்டில் பேச்சு தொடங்கியது.

"சர்ச்ச வெச்சுக்குவோம் ரோசம்மா. உங்களுக்கு வாரா வாரம் இருக்கு. எங்களுக்கு திருவிழாக்குத்தானே கூட்டம்."

"சும்மா இருங்கண்ணே. முப்பது வருஷம் பூச பண்ணிட்டு எங்க போவீங்க?"

"பெரிய கோயிலு டவுன்ல இருக்கு. அங்க போய் கும்பிடுறேன்."

"அங்க உங்கள மணி அடிக்க விடுவாங்களா? நீங்க வெச்சுக்குங்க."

"நீ வெச்சுக்க."

ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு நான் கொடுக்கிறேன், நான் கொடுக்கிறேன் என்று கையைப் பிடித்து இழுப்பார்களே, அந்த மாதிரி பினாங்குப் பாலம் வரை இது நடந்தது. பின்சீட்டில் பாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால், இந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கொடுக்கப் பார்ப்பது நான் பறித்த பொருளை.

அந்த யோசனையில் கயிறு நழுவியது. கதவு ஆவென்று திறந்து, ஜெயா அம்மாவின் பை சரிந்து, ஒரு மைலோ டின் ரோட்டில் உருண்டது. வேன் நிற்க இடமில்லை. மோட்டார் சைக்கிளில் ஒரு மலாய் இளைஞன் அதை எடுத்து, சந்து சந்தாகப் புகுந்து துரத்திவந்து, சிக்னலில் என் மடியில் போட்டான். "அம்மா, கதவைப் பூட்டுங்கள், நீங்களும் விழுந்துவிடப் போகிறீர்கள்" என்றான் என்று முனியாண்டி அண்ணன் மொழிபெயர்த்தார். டின் ஒருபக்கம் நசுங்கியிருந்தது. ஜெயா அம்மா அதைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விமான நிலையத்தில் எங்கள் பெட்டிகள் எடை கூடின. ரோசம்மா அக்கா கொடுத்த நெத்திலிக் கருவாடும் சம்பல் போத்தலும் காரணம். எதையாவது எடுக்க வேண்டும் என்றார்கள். பாஸ்டர் தன் பிரசங்கக் குறிப்பு ஃபைல்கள் இரண்டையும் எடுத்துக் குப்பைத்தொட்டிக்கு மேல் வைத்தார். எடை சரியாக இருந்தது. கருவாடு ஊர் வந்து சேர்ந்தது.

விடைபெறும்போது நான் ரோசம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லை. "கஷ்டமாத்தான் இருக்கு டீச்சர். எங்கப்பா அடிச்ச பச்ச பெயிண்டு அது. நான் பாஸ்டருக்குத்தான் பயந்தேன். உங்கள நெனச்சுக்கூட பாக்கல." பிறகு, "போங்க, நேரமாச்சு. பசியாறாம பிளேன்ல ஏறாதீங்க" என்றார்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர். ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாலு வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்புகிறார். நாங்கள் எத்தனை நாள் இருந்தோம் என்று கேட்டார். பன்னிரண்டு நாள் என்றேன். "பன்னிரண்டே நாள்லயா திருப்பி அனுப்பிட்டாங்க? அப்படி என்னக்கா தப்பு பண்ணீங்க?" என்று உண்மையான பரிதாபத்தோடு கேட்டார். திருச்சி வரும்வரை தூங்குவது போல நடித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஊரில், ரோசம்மா அக்காவின் குரல் பதிவு வந்தது. சமையலறையில் நின்றுகொண்டே கேட்டேன்.

"டீச்சர், சொல்லிட்டோம். கோயில வெச்சுக்கிட்டோம். அண்ணன் ஒத்துக்கவே இல்ல, நான்தான் சண்ட போட்டேன். அம்மன பெயர்த்து எடுக்கக் கூடாது டீச்சர், மண்ணுல ஊனுன சாமி. நம்ம சிலுவைய தோள்ல தூக்கிட்டு நடந்துறலாம். நேத்து தூக்கிட்டு வந்துட்டோம். அவங்க சாப்பாட்டு மண்டபத்துல ஒரு மூலை குடுத்திருக்காங்க. ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு பாடுவோம். பெஞ்சு ஆறுதான் கொள்ளும். சர்ச்ச திங்கக்கிழம இடிக்கிறாங்களாம். நான் வேலைக்குப் போயிருவேன், பாக்க வேணாம்னுதான்."

அதை மூன்று தடவை கேட்டேன். அடுப்பில் வைத்திருந்த கருவாடு கருகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயம் நிரம்பி வழிந்தது. ஐம்பத்தாறு ஆத்துமாக்களின் செய்தி கேட்க வெளியூரிலிருந்தும் வந்திருந்தார்கள். வாசலில் எங்கள் படம் போட்ட பேனர். திரையில் ஐம்பத்தாறு உயர்ந்த கைகள், குழந்தையுடையது உட்பட. பாஸ்டர் மேடையேறி, அந்தப் படத்தைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, "மெர்சி டீச்சர் சொல்லுவாவ" என்று ஒரே வாக்கியத்தில் இறங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் மைக்கைப் பிடித்தேன். ரோசம்மா அக்காவை நினைத்துக்கொண்டேன். திரையை அணைக்கச் சொன்னேன். அந்தக் கைகளில் நாற்பத்திரண்டு கோயில்காரர்களுடையவை என்று முதலில் சொன்னேன். கூட்டத்தில் சலசலப்பு. பிறகு மிச்சத்தையும் சொன்னேன்.

"நாங்க போறப்ப அங்க பதினாலு பேரும் ஒரு ஆலயமும் இருந்துது. இப்ப பதினாலு பேரு இருக்காவ. ஆலயத்த நாளைக்கு இடிக்காவ. நான் வாயத் தொறந்து பேசினதாலதான் அது போச்சு. இப்போ அவங்கள ஒரு மாரியம்மன் கோயில்ல சேத்து வச்சிருக்காவ. இந்நேரம் அங்க பாடி முடிச்சிருப்பாவ."

சாட்சி முடிந்தால் சொல்ல வேண்டியதைப் பழக்கத்தில் பின்வரிசையில் இரண்டு பேர் சொன்னார்கள். "ஆமென்."

நான் இறங்கி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.